வாய்ப்பூட்டு

'அணை' என்று பெயரிடப்பட்ட அந்தக் கருவி ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அங்கிருந்து மயிரிழை போன்ற ஒரு கம்பி, வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். குமட்டல் வாந்தியாக மாறப்போகும் நேரத்தில் அந்த நரம்பில் ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்பும். வாந்தி அடங்கிவிடும். செய்வது இவ்வளவுதான். இதைச் செய்ய வைக்கச் சம்யுக்தாவுக்கும் அவளோடு இருந்தவர்களுக்கும் ஏழு வருடம் பிடித்தது.

கோவை காளப்பட்டியில் இருந்த அந்தச் சிறிய ஆய்வு நிறுவனத்தை நடத்தியவர் டாக்டர் கனகசபாபதி. அறுவை சிகிச்சை நிபுணர். பல வருடங்களுக்கு முன்னால், புலிமியா நோயோடு வந்த ஒரு கல்லூரி மாணவி அவர் கண்ணெதிரே இறந்துபோனாள். ஓயாத வாந்தியால் உடம்பின் உப்புகள் குறைந்து, இதயம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு இது ஒன்றே குறி.

"புலிமியான்னா என்ன? கட்டுப்படுத்த முடியாம சாப்பிடறது. அப்புறம் பயந்துபோய் அதை வெளியேத்தறது," என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். "வெளியேத்த முடியாதுன்னு ஆயிட்டா அப்படிச் சாப்பிடவும் மனசு வராது. சங்கிலியில ஒரு கண்ணியை அறுத்தாப் போதும்."

நாற்பது தன்னார்வலர்களுக்குக் கருவியைப் பொருத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. நூறு தடவை வாந்தி எடுத்த இடத்தில் இப்போது மூன்று தடவை. டெல்லியில் அனுமதிக் குழுவின் முன்னால் விளக்கம் கொடுக்கத் தேதி குறித்துவிட்டார்கள்.

கருவியின் மின்சுற்றை வடிவமைத்தவள் சம்யுக்தா. முப்பத்துநான்கு வயது. அந்தத் தேதியை அவளைவிட ஆவலாக எதிர்பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில், பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தபோது அவளுக்கே அந்த நோய் தொடங்கியது. பதினைந்து வருடமாக யாருக்கும் தெரியாது. அவள் ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. விருந்துகளில் எல்லோரையும்போல் சாப்பிடுவாள். ஒரே ஒரு பல் மருத்துவர் மட்டும் அவளுடைய பற்களைப் பார்த்துவிட்டு, "அடிக்கடி வாந்தி வருமாம்மா?" என்று கேட்டார். அல்சர் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு அந்த மருத்துவரிடம் அவள் போகவே இல்லை. கணவன் சரவணவேலுக்குக்கூடத் தெரியாது. குளியலறையில் குழாய் நெடுநேரம் ஓடும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் சோதனையில் சேரக்கூடாது. அனுமதி கிடைத்து, கருவி மருத்துவமனைகளுக்கு வந்ததும், வெளியூரில் எங்காவது போய் ஓசைப்படாமல் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய திட்டம். ஏழு வருடமாக அவள் கட்டிக்கொண்டிருந்தது தனக்கான மருந்தைத்தான்.

ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு பெனிட்டா வந்தாள். தூத்துக்குடிப் பெண். இருபத்திரண்டு வயது. பளு தூக்கும் வீராங்கனை. கோவையில் ஒரு விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். போட்டிக்குப் போட்டி எடைப்பிரிவுக்குள் நிற்கவேண்டிய கட்டாயத்தில் தொடங்கிய நோய், போட்டி இல்லாத நாட்களிலும் அவளை விடவில்லை.

"என்னக்கா, என் கோடு நேரா இருக்கா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"நேரா இருக்குது பெனிட்டா. அஞ்சு மாசத்துல ஒரு தடவைகூட இல்லை." சம்யுக்தா திரையை அவள் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் கீழே இருந்த இன்னொரு கோட்டைக் கவனித்தாள். கருவி இதயத் துடிப்பையும் பதிவு செய்யும். யாரும் அதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பயிற்சி நேரம் முடிந்த பிறகும், தினமும், மணிக்கணக்கில் துடிப்பு ஏறிக் கிடந்தது.

"சாயங்காலம் எங்கயாச்சும் ஓடறியா?"

பெனிட்டா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "கோச்சுக்குச் சொல்லிராதீங்கக்கா."

"சொல்லமாட்டேன்."

"முன்னாடி தின்னதை வெளிய தள்ளிருவேன். இப்பத் தள்ள முடியல. ஆனா தின்னாம இருக்க முடியலையே. தின்னுட்டேன்னா உள்ள கிடந்து அரிக்கும். அதான் ஓடுதேன். மறுநாப் பூரா பட்டினி கெடக்கேன். அதுக்கு அடுத்த நாள் பட்டினி தாங்காம முன்னவிட மோசமாத் தின்னுதேன்." அவள் கழுத்தெலும்புக்குக் கீழிருந்த தழும்பை விரலால் தடவினாள். "எக்கா, இது வாயை மட்டுந்தான் பூட்டியிருக்கு. உள்ள உள்ளது அப்படியேதான் கெடக்கு."

"ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

"யாரு கேட்டா? ஒவ்வொரு வாட்டியும் 'வாந்தி எடுத்தியா'ன்னு கேக்காங்க. இல்லன்னதும் சந்தோசமா டிக் அடிச்சிட்டு அனுப்பிருதாங்க."

பெனிட்டா போன பிறகு சம்யுக்தா மற்றவர்களுடைய இதயத் துடிப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பதினொரு பேரிடம் அதே கோலம். அவள் எழுந்து கனகசபாபதியின் அறைக்குப் போனாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அடுத்த கட்டச் சோதனையில பாத்துக்கலாம்மா. நாம அளக்கறோம்னு எழுதிக் குடுத்தது வாந்தியை. அதை ஒழுங்கா அளந்துட்டோம். இந்தப் பொண்ணுக இதயம் நின்னு சாகாம இருந்தாலே எனக்குப் போதும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சம்யுக்தா வாதாடியிருக்கலாம். வாதாடினால், 'உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?' என்ற கேள்வி வரும். அதோடு, கருவி பலிக்கவில்லை என்றால் தனக்கு வேறு வழியே இல்லை என்ற பயமும் அவளுக்கு இருந்தது. சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்று வீட்டுக்குப் போனதும் குளியலறைக் குழாய் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும். கனகசபாபதி டெல்லி விமானத்தில் இருந்தார். கண்காணிப்புத் திரையில் பெனிட்டாவின் எண் சிவப்பாக மின்னியது. நாற்பது நிமிடத்தில் கருவி முப்பத்தொரு தடவை வாந்தியை அடக்கியிருந்தது.

"இந்தப் பொண்ணும் பழைய பழக்கத்துக்கே வழுக்கிருச்சு போல," என்றான் உடன் வேலை பார்க்கும் ஜவகர்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, சம்யுக்தாவின் கைபேசி ஒலித்தது.

"எக்கா... மத்தியானம் மெஸ்ஸுல கோழி சரியில்ல. நாலு பேரு வாந்தி எடுத்துட்டுப் படுத்திருக்காளுவ. எனக்கு மட்டும் வெளிய வரமாட்டேங்கு. வயிறு கல்லு மாதிரி ஆயிட்டு. கண்ணு இருட்டுது." அவள் மூச்சு வாங்கினாள். "இது அது இல்லக்கா. சத்தியமா அது இல்ல."

தொலைவிலிருந்தே கருவியை நிறுத்த முடியும். ஆனால் இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்தால்தான் நிறுத்தலாம் என்று விதி. முதல் மாதத்தில் தன்னார்வலர்கள் பலர் காய்ச்சல், கர்ப்பம் என்று ஏதேதோ பொய் சொல்லிக் கருவியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியதால் வந்த விதி அது. இரண்டாவது ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் வானத்தில் இருந்தார்.

"பொய்யா இருந்தா மாட்டிக்குவீங்க," என்றான் ஜவகர். "ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. அங்க பாத்துக்குவாங்க."

"நீ ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அது போய்ச் சேர்ற வரைக்கும் இவ தாங்கணுமே."

இரண்டாவது ஒப்புதல் இல்லாமலே திறக்கும் அவசரக் குறியீட்டைச் சம்யுக்தா அடித்தாள். திரையில் வந்த எச்சரிக்கையைப் படிக்காமலே அடுத்த பொத்தானையும் அழுத்தினாள். பெனிட்டாவின் எண் சாம்பல் நிறமாக மாறியது. கைபேசியில் ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சத்தம் சம்யுக்தாவுக்கு நிம்மதியைக் கொடுத்தது.

பெனிட்டா மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாள். கெட்டுப்போன சாப்பாடு இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்திருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்றார்கள். ஆனாலும் விதி மீறப்பட்டிருந்தது. விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். சுகாதாரத் துறையில் உயர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஞானசேகரன் அதற்குத் தலைவர். கனகசபாபதி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஞானசேகரன் கோப்பைப் புரட்டினார். "கருவியை நிறுத்தச் சொல்லிப் பலபேர் பொய் சொல்லியிருக்காங்கன்னு உங்க பதிவேடே சொல்லுது. இந்தப் பொண்ணு மட்டும் உண்மை பேசறான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மற்ற நான்கு பெண்களுக்கும் வாந்தி, வயிற்று வலி, இதயத் துடிப்பு என்று சொல்வதற்கு அவளிடம் காரணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தாள். அந்தத் தாளை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

"அவ என்னைக் கூப்பிட்டா சார்."

"புரியலை."

"அந்த நோய் இருக்கறவங்க அந்த நேரத்துல யாரையும் கூப்பிட மாட்டாங்க. கதவைச் சாத்திக்குவாங்க. குழாயைத் திறந்து விட்டுக்குவாங்க. போன் அடிச்சாக்கூட எடுக்க மாட்டாங்க. பதினஞ்சு வருசத்துல நான் ஒருத்தரைக்கூடக் கூப்பிட்டதில்லீங்க."

கனகசபாபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஞானசேகரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் முன்னைவிடக் கடுமையாக இருந்தது.

"படிச்சவங்க நீங்க. நல்ல வேலை, நல்ல குடும்பம். பாத்தா நோயாளி மாதிரியே தெரியலையே. சாப்பாட்டு விஷயத்துல ஒரு மனுசருக்குக் கட்டுப்பாடு இருக்காதா?"

"நானும் பதினஞ்சு வருசமா என்னை அதையேதான் கேட்டுட்டு இருந்தேன் சார். சோத்து மேல ஆசைன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. ஆசை இல்லீங்க. ஏதோ ஒண்ணு தாங்க முடியாம வரும். பயம், அவமானம், சில நாள் வெறும் சலிப்பு. சாப்பிட்டுட்டு இருக்கற நேரம் மட்டும் அது காதுல விழாது. முடிஞ்சதும் வெட்கம் வந்துரும். உள்ள போனதை எப்படியாவது இல்லைன்னு ஆக்கணும். அப்புறம் மறுநாள், இனி சாப்பிடவே கூடாதுன்னு சபதம். பட்டினி போட்ட உடம்பு சும்மா இருக்குமா? மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்." அவள் கனகசபாபதியைப் பார்த்தாள். "வாந்தியைத்தான் நோய்னு நெனச்சு அதை அடைச்சுட்டோம் டாக்டர். நானும் சேந்துதான் அடைச்சேன். பெனிட்டா சொன்னா, வாயை மட்டும் பூட்டியிருக்கீங்கன்னு. பதினொரு பேர் அதே மாதிரி இருக்காங்க. இதை அன்னிக்கே சத்தமாச் சொல்லாம விட்டது என் தப்புங்க."

ஞானசேகரன் கோப்பை மூடிவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் கனகசபாபதி அவளுக்காகக் காத்து நின்றார். "ஏழு வருசம் எங்கூட உக்காந்து வேலை செஞ்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா என்னை வேலையில வெச்சிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "வெச்சிருக்க மாட்டேன்," என்றார். மறுநாள் அனுமதி விண்ணப்பத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலமே அவள் சரவணவேலிடம் சொன்னாள். அவன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எதையும் கணக்காகப் பார்க்கிறவன். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஓரமாக வைத்துவிட்டு முழுவதையும் கேட்டான்.

"சாப்பிட உக்காரும்போதே இவ்வளவுதான்னு முடிவு பண்ணிட்டா..." என்று தொடங்கினான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தினமும் காலையில நான் எனக்குச் சொல்லிக்கறது அதேதாங்க."

அவன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. "அஞ்சு வருசமா பக்கத்து ரூம்ல இருந்திருக்கேன்," என்றான். "நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"எனக்கே தெரியலைங்க. தெரிஞ்சவங்களைக் கேப்போம்."

மனநல மருத்துவர் ரெஹானாவின் மருத்துவமனை கோவை ராமநாதபுரம் பகுதியில், ஒரு தையல் கடைக்கு மாடியில் இருந்தது. அவர் முதல் நாள் எழுதிக் கொடுத்தது மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, எல்லாம் மணி பார்த்து.

"டாக்டர், சாப்பிடறதுதானே என் பிரச்சினை?"

"சாப்பிடாம இருக்கறதுல இருந்துதான்மா இது தினமும் ஆரம்பிக்குது. முதல்ல உடம்புக்கு நம்பிக்கை வரணும், இவ நம்மளைப் பட்டினி போட மாட்டான்னு. மத்தது மெதுவாப் பேசலாம்." பிறகு சரவணவேலைப் பார்த்து, "நீங்க தட்டை எட்டிப் பாக்காதீங்க. இளைச்சுட்டே, சதை போட்டுட்டேன்னு எதுவும் சொல்லாதீங்க. சாப்பிட்டு முடிச்ச ஒரு மணி நேரந்தான் இவங்களுக்குக் கஷ்டம். அப்ப கூட இருங்க," என்றார்.

சரவணவேல் பழைய கேரம் பலகை ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்தான். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஆடினார்கள். முதல் வாரங்களில் அவள் கவனம் குளியலறைப் பக்கமே இருந்ததால் காய்கள் கன்னாபின்னாவென்று ஓடின. அவன் தன் முறை வந்தபோது ஆடினான். நான்கு மாதத்தில் இரண்டு தடவை அவள் வழுக்கினாள். முதல் தடவை இரண்டு நாள் மறைத்தாள். இரண்டாம் தடவை, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த கையோடு அவனிடம் சொல்லிவிட்டாள். ரெஹானா முதலாவதைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அணையும் வீணாகிப்போகவில்லை. புற்றுநோய்க்குக் கடுமையான மருந்து ஏற்றிக்கொண்டு, குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்து துவண்டு கிடப்பவர்களுக்கு அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று கனகசபாபதிக்குத் தோன்றியது. புதிய சோதனை தொடங்கியது. இந்த முறை சம்யுக்தா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நிறுத்தும் பொத்தான், கருவியைச் சுமப்பவரின் கையில்தான் இருக்க வேண்டும். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பழைய நாற்பது பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, "எப்படி இருக்கறே?" என்று கேட்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். பதில் சொல்ல அவர்களுக்கு நிறைய இருந்தது.

பெனிட்டா கருவியை எடுத்துவிட்டாள். அடுத்த எடைப்பிரிவுக்கு மாறினாள். பயிற்சியாளர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்தாள். மைதானத்திலிருந்தே சம்யுக்தாவைக் கூப்பிட்டு, பதக்கம் வாங்கியவளைப்போல் கத்தினாள்.

ரெஹானாவின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெனிட்டாவையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகக் காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அதன் பிறகு ஒரு மணி நேரம் யாரும் எழுந்து போகக்கூடாது, பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஜூலை மாதத்து ஒரு ஞாயிறு. எல்லோரும் தட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த குடை. சம்யுக்தாவுக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. ஞானசேகரன்.

விசாரணையில் ஏதோ பாக்கி இருக்கிறது என்று நினைத்து அவள் எழுந்தாள். அவர் கையமர்த்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மகளுக்காக விசாரிக்க வந்தேன்னு சொல்லலாம்னு நெனச்சுத்தான் வீட்டுல இருந்து கிளம்புனேன்," என்றார். "பஸ்ஸுல வர்றப்போ அந்த மகளுக்கு ஒரு பேருகூட வெச்சுட்டேன்."

சம்யுக்தா தன் தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மகளே கிடையாது," என்றார் ஞானசேகரன். "முப்பத்திரண்டு வருசமா எனக்கேதான். அன்னிக்கு உங்களைக் கேட்டனே கட்டுப்பாடுன்னு, அது எங்கப்பா என்னைக் கேட்டது. ஆம்பளைக்கு இப்படி ஒரு நோய் வரும்னே எனக்குத் தெரியாதும்மா. என்னோடதும் அதே நோய்தான்னு நீங்க பேசினப்பதான் புரிஞ்சுது."

சம்யுக்தா அவருக்கு ஒரு தட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இரண்டு இட்லியை மெதுவாகச் சாப்பிட்டார். யாரும் அவர் தட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெனிட்டாவின் போட்டிக் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இட்லிப் பாத்திரம் பெனிட்டாவின் பக்கத்தில்தான் இருந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவர் அவளைப் பார்த்துத் தயங்கினார்.

"இன்னும் ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"என்ன சார், இதெல்லாமா கேப்பாங்க?" பெனிட்டா பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "எடுத்துக்கிடுங்க. சட்னியும் இருக்கு."